சூடை மணந்த கோழி

என்னுடைய கோழியில் மீன் வெடுக்கு அடிக்கிறது என்று பட்டணத்துக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னபோது நான் அந்த மனிதரோடு சண்டைக்கே போய்விட்டேன். கோழியில் எப்படி ஐயா மீன் மணக்கும்? மீன் வெட்டின கத்தியைக் கழுவாமல் கோழியை வெட்டியிருப்பீர்கள், ஐஸ் பெட்டிக்குள் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, சனம் கறியைச் சட்டியோட கொண்டு வந்து காட்டுது. நான் என்ன செய்யிறது?" என்றார். அடுத்த நாளே விற்காமல் இருந்த கோழிகளை உயிரோடு லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். கூண்டுகளை இறக்கி வைத்த ஆட்களுக்கு நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

எங்கள் வீடு தீவுப்பகுதியில், நாரந்தனையில் இருக்கிறது. வளவுக்குப் பின்னால் நாலைந்து பனங்காணிகள் தாண்டினால் கடல். என் கணவர் இளமையில் கடல் தொழிலுக்குப் போனவர். முதுகு ஏலாமல் போன பிறகு வள்ளத்தை விற்றுவிட்டு, பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுப் புறொய்லர் கோழி வளர்க்கத் தொடங்கினார். குஞ்சு வரும், தீன் மூட்டை வரும், ஆறு ஏழு கிழமையில் கோழி போகும். கடலைப் போல அடம் பிடிக்காத தொழில் என்று ஆரம்பத்தில் அவர் சிரிப்பார். ஒரே மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கோழிகளும்தான்.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில், இரண்டு கஷ்டம் ஒன்றாக வந்தது. கோழித்தீன் இல்லாமல் போனது ஒன்று. சோளமும் சோயாவும் கப்பலில் வரவேண்டிய சாமான்கள்; கப்பல் வரவில்லை என்றால் மூட்டையும் வராது. மற்றது, என் கணவரின் தொண்டையில் வந்த கட்டி. பட்டணத்து ஆசுப்பத்திரியில் வைத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். நானும் அங்கேயே நின்றேன். பிறகு கோழிகளைப் பார்க்க ஆள் இல்லை என்று, காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி வருவேன். கட்டி சுருங்கியது. ஆனால் வாய் காய்ந்து, ருசி என்பது அடியோடு போய்விட்டது. பாலும் முட்டையும் மாம்பழமும் அவருக்கு ஒன்றுதான். மண்ணைத் தின்கிற மாதிரிக் கிடக்கிறது என்று சொல்லிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிறை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தை இந்த உடம்பு தாங்காது, எப்படியாவது சாப்பிட வையுங்கள், கோழி சூப் கொடுங்கள் என்றார். வீடு நிறையக் கோழி வைத்திருக்கிறவள் நான். ஒரு கரண்டி இறங்குவதற்குள் ஒரு மணித்தியாலம் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆசுப்பத்திரியால் வந்து சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, தீனுக்கு வழி கண்டுபிடித்தது அவர்தான். அந்த நாட்களில் அவர் காற்றுப்போலத்தான் பேசுவார், கிட்டப் போய்த்தான் கேட்கவேண்டும். "எங்கட கரையில காயிற சூடையில இல்லாத சத்தோ உந்த மூட்டைக்குள்ள கிடக்கு?" என்றார். சூடை சின்ன மீன், எண்ணெய்ப் பிடிப்பானது, எங்கள் கரையில் மலிவாகக் கிடைப்பது. காயப்போட்டதில் உடைந்ததும் நொறுங்கியதும் கழிவுமாகச் சாக்குச் சாக்காகக் கிடைத்தது. அதை மில்லில் கொடுத்து இடித்து, தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் குறுணல் அரிசியும் கலந்து கொடுத்தோம். கலவை அவருடைய கணக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிக் காட்டிக் கருவாட்டுத்தூளைக் கூட்டினார். கோழிகள் பறந்தடித்துத் தின்றன. நல்ல நிறை வைத்தன. தீவுக்குள் இத்தனை பேர் கோழிக் கொட்டிலைப் பூட்டிவிட்டு இருக்க, எங்கள் கொட்டில் மட்டும் கலகலவென்று இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அந்த முதல் தொகுதியைத்தான் கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

வந்த கோழியில் ஒன்றை அன்றைக்கே உரித்தேன். மஞ்சள் இல்லை, மிளகு இல்லை, வெறும் உப்புப் போட்டு அவித்து, சட்டிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தேன். ஒரு வெடுக்கும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் முற்றத்தில் மீன் கீறிக்கொண்டிருந்தவர், கையில் செதிலோடு ஓடி வந்து மணந்தார், ஒரு துண்டு தின்றும் பார்த்தார். நல்ல கோழி, உவங்கள் பட்டணத்தார் விலையைக் குறைக்கக் கதை கட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும். கடைக்காரரை இன்னும் நாலு வார்த்தை மனதுக்குள் திட்டிக்கொண்டு, அந்த அவித்த தண்ணியையே சூப்பாக வடித்து என் கணவரிடம் கொண்டுபோனேன்.

அவர் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கரண்டி வாங்கினார். வாய்க்குள் வைத்து நாக்கால் புரட்டிப் பார்த்தார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், இதுக்குள்ள சூடை போட்டனீரோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீங்களும் கடைக்காரரோடு சேர்ந்துவிட்டீர்களா என்று கத்தினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கரண்டியை என்னுடைய கையிலிருந்து தானே வாங்கி இன்னொரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக, "இல்லையப்பா. சூடை மணக்குது. எனக்கு மணக்குது," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்கில் மண்ணைத் தின்ற மனிதர் ஒரு மணத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கோப்பையைக் காலியாக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் குசினிக்குப் பின்னால் போய் நின்று, அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

கோழி பார்க்க வந்த மிருக வைத்தியர் ஒரு சின்னப் பெண்பிள்ளை, சுத்த சைவம். எங்கள் படலையடியிலேயே தனக்கு மணக்கிறது என்றாள். அவள் சொன்னது நல்ல விளக்கம்தான். மீன் எண்ணெய் கோழியின் கொழுப்பில் போய்த் தங்கிவிடுமாம். கடைசிக் கிழமைகளில் கோழி எதைத் தின்றதோ அதுதான் சட்டியில் மணக்குமாம். பழைய தீன் மூட்டையிலும் மீன்தூள் இருந்தது, ஆனால் அளவாக. நாங்கள் அள்ளிக் கொட்டியிருக்கிறோம், அதுவும் எண்ணெய்ச் சூடையை. எங்களுக்கு மணக்காததற்குக் காரணம் கேட்டேன். காலையும் பகலும் மீன், முற்றத்தில் கருவாடு, காற்றிலும் அதுதான், மூக்கு அதைப் பழகிக் கைவிட்டுவிட்டது என்றாள். "ஐயா கனகாலம் மீன் சாப்பிடாம ஆசுப்பத்திரியில இருந்தவர், அதுதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்களும் ஒரு மாதம் மீன், மச்சம் எல்லாம் விட்டுப் பாருங்கோ அம்மா, உங்களுக்கும் மணக்கும்."

ஒரு மாதமா, அதெல்லாம் செத்த வீடு நடந்தால்தான் என்று நான் வாய்த்துடுக்காகச் சொன்னேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். கதிரையில் இருந்த அவருக்குத்தான் எல்லாரையும்விடச் சிரிப்பு, இருமல் வந்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியிருந்தது.

கடைக்கு ஒரு கோழி, அவருக்கு ஒரு கோழி என்று இரண்டு வகையாக வளர்க்கவேண்டி வந்தது இப்படித்தான். பழைய மீன்வலை ஒன்றைக் கொட்டிலின் மூலையில் குறுக்கே கட்டி, கொஞ்சக் கோழிகளைப் பிரித்துவிட்டேன். அவற்றுக்குக் கருவாட்டுத்தூள் தீன். மற்றப் பக்கத்துக்குக் கருவாட்டை நிறுத்திவிட்டுத் தவிடும் புண்ணாக்கும் கூட்டினேன். முதலில் அதுவும் சரிவரவில்லை. எச்சம் பசை பிடித்து, கீழே போட்ட உமி ஈரமாகி, கோழிகளின் கால் புண்ணாகி, நெஞ்சில் இறைச்சி வைக்காமல் எலும்பு தெரிந்தது. சத்து எல்லாம் தவிட்டின் நாருக்குள் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது, கோழியின் குடலுக்கு அதைத் திறக்க ஏலாது என்று வைத்தியப் பிள்ளை சொன்னாள். அந்த நாரை உடைக்கிற நொதியம் என்று ஒரு தூள் பைக்கற்றை அலைந்து எடுத்துத் தந்தாள். ஒரு சாக்குத் தீனுக்கு ஒரு கரண்டிதான். இந்த மாவு என்னத்தைக் கிழிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் கலந்தேன். கொஞ்ச நாளில் எச்சம் உலர்ந்தது, உமி காய்ந்தது, கோழிகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தன. இறைச்சியும் இறுகி நல்லதாக வந்தது. சோளம் இல்லாததால் கொழுப்பு மஞ்சளாக இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது என்பதைத் தவிரக் கடைக்காரருக்குச் சொல்ல ஒரு குறையும் இருக்கவில்லை. நானும் அவரிடம் முன்பு ஏசினதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

என் கணவருக்கு அந்த நல்ல கோழியை ஒருநாள் சோதனைக்காகக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார். வெறும் கடதாசி என்றார். அதற்குப் பிறகு நான் வலைப்பக்கத்துக் கோழியைத்தான் அவருக்கு உரித்தேன்.

ஏன் மீனையே கொடுத்திருக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். மகளும் கேட்டாள். கொடுத்துப் பார்த்தேன். மீனின் முள்ளுக்கும் புளிக்கும் அந்தத் தொண்டை எரிந்தது. முள் இல்லாமல் அவித்து மசித்தால் ஓங்காளித்தார். கோழித் தண்ணிக்குள் ஒளிந்திருந்த அந்த மணத்தை மட்டும்தான் அவருடைய வாய் ஏற்றது. ஏன் என்று எனக்குத் தெரியாது, வைத்தியப் பிள்ளைக்கும் தெரியாது.

அந்தச் சில மாதங்கள் நல்ல மாதங்கள். அவருடைய கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. கிளினிக்கில் தராசில் ஏற்றிவிட்டு, நிறை கூடியிருக்கிறதே, என்ன கொடுக்கிறீர்கள் என்று தாதிப் பிள்ளை கேட்பாள். கோழி என்று நான் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அடுத்த மருந்தையும் உடம்பு தாங்கியது. தினமும் மத்தியானம் சூப்பைக் குடித்துக்கொண்டு அவர் கதை சொல்வார். விடியற்புறம் வலை இழுக்கும்போது சூடை ஏறினால் வள்ளம் முழுக்க இப்படித்தான் மணக்கும், காற்சட்டையில் மணக்கும், கலியாணத்துக்கு உடுத்த வேட்டியிலும் மணந்தது, நீர் கவனிக்கவில்லை என்பார். கடல் தொழிலை விட்ட பிறகு கடலைப்பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர். நான் ஒவ்வொரு நாளும் கோப்பையை வாங்கி மணந்து பார்ப்பேன். எனக்கு உப்புத் தண்ணிதான்.

"உமக்கும் மணந்தா நல்லா இருக்கும்," என்று ஒருநாள் சொன்னார். "தனியத் தின்னுற மாதிரிக் கிடக்கு."

அது என் மனதில் முள்ளாகத் தைத்தது. ஒரு மாதம் மீனை விட்டுப் பார்ப்போமா என்று உண்மையில் யோசித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தோடு தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஒடியல் கூழ் கொண்டுவந்து தந்ததும் முறிந்துவிட்டது. கூழுக்குள் நண்டும் மீன் தலையும். கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் நல்லாச் சிரித்தார். பிறகு செய்யலாம், அவசரம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

மாரி தொடங்கியபோது அவருக்குக் கட்டி திரும்பவும் வந்துவிட்டது. இந்த முறை மூச்சுக் குழாயோடு சேர்ந்து. முதலில் கரண்டி இறங்கவில்லை, பிறகு சொட்டும் இறங்கவில்லை. மூக்கால் குழாய் விட்டு, ஆசுப்பத்திரிப் பால்மாவை ஏற்றினார்கள். பேச்சும் போய்க் கடதாசியில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் எழுதாமல் கையால் கோப்பைபோலக் காட்டி, மூக்கைத் தொட்டார். எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் வலைப்பக்கத்துக் கோழியில் சூப் வைத்து, போத்தலில் ஊற்றிக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். குழாய் இல்லாத பக்கத்து மூக்கால் இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவனுக்கு நாற்றமாக இருந்திருக்கும். சூப் ஆறும்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கை உளைந்தது. ஆறிய சூப்பை வெளியில் கொண்டுபோய் ஊற்றினேன். அந்தக் கிழமையே அவர் போய்விட்டார்.

செத்த வீட்டுக்குக் கனடாவிலிருந்து மகள் வந்தாள். அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை ஒரு மாதம் வீட்டுக்குள் மீனோ இறைச்சியோ, மச்சம் என்று ஒன்றும் வரவில்லை. முற்றத்தில் கருவாடும் காயப்போடவில்லை. பக்கத்து வீட்டு அக்காகூட மரியாதைக்காகத் தன்னுடைய மீனைக் கரையிலேயே வைத்துக் கீறினார். மற்றக் கோழிகளைக் கடைக்காரர் தானே வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்த மனிதர் பந்தலுக்குள் வந்து என் கையைப் பிடித்து அழுதார். வலைப்பக்கத்தில் கொஞ்சம் நின்றன. அவற்றை விற்கவும் ஏலாது, விடவும் ஏலாது. மச்சம் விட்டிருந்த என் கையில் அந்தக் கருவாட்டுத்தூள் படாமல், மகள்தான் நான் சொன்னபடி பழைய சாக்கிலிருந்து அள்ளி வைத்தாள். மூக்கைச் சீலையால் கட்டிக்கொண்டுதான் போவாள். புறொய்லர் கோழி அவ்வளவு காலம் நிற்கிற சாதி இல்லை. கால் தாங்காமல் இருந்த இடத்திலேயே இருந்து தின்றன. மூன்றோ நாலோ செத்தும் போயின.

அந்தியேட்டிக்கு அடுத்த நாள், போனவருக்குப் பிடித்த மச்சத்தைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர் எல்லாரும் வந்து சாப்பிடுவார்கள். கடைக்காரரிடம் நல்ல கோழி எடுப்போம் என்று மகள் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். வந்தவர்கள் சாப்பிட மாட்டார்கள் அம்மா என்றாள். வந்தவர்களா செத்தது, அவருக்கல்லவா படைக்கிறேன் என்று வெடித்தேன். அவள் வலையைத் தூக்கி உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவருக்குக் கொடுக்கிற மாதிரியே முதலில் உப்பு மட்டும் போட்டு அவித்தேன். கொதி வந்து மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் பட்டது.

சூடை. சந்தேகமே இல்லை. வலையிலிருந்து கொட்டின பச்சைச் சூடை, ஈரக் கயிறு, வள்ளத்தின் அடித்தண்ணி. நான் அவரைக் கலியாணம் கட்டி வந்த அன்று அவருடைய வேட்டியில் மணந்ததாகச் சொன்னாரே, அதுவும் அதற்குள் இருந்தது. என் கையிலிருந்த மூடி நிலத்தில் விழுந்தது. மகள் ஓடி வந்தாள். என்ன அம்மா, சுட்டுவிட்டதா என்று கேட்டாள். நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன்.

படையலில் சோற்றையும் இறைச்சியையும் வைத்துவிட்டு, சின்னக் கோப்பையில் அந்தச் சூப்பையும் வைத்தேன். எல்லாரும் தேவாரம் படித்துக்கொண்டு நின்றார்கள். நான் படத்தைப் பார்த்து, எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஓமப்பா. சூடைதான். எனக்கும் மணக்குது."

சொந்தக்காரர் வாழையிலையில் கோழியை ஓரமாக ஒதுக்கினார்கள். நான் என்னுடைய இலையில் போட்டதையும் தின்றேன், மகள் ஒதுக்கினதையும் எடுத்துத் தின்றேன். வாழ்நாளில் நான் இவ்வளவு ஆசையாக ஒரு கோழியைத் தின்றதில்லை.

வலைக்குப் பின்னால் கடைசியாக ஒன்று நின்றது. மகள் பயணம் போகிறதுக்கு முன் அதையும் சமைத்தேன். ஆனால் அதற்குள் வீட்டுக்கு மீன் வந்துவிட்டது. ஒரு மாதமாகச் சைவம் தின்ற பிள்ளை, ஊர் மீன் தின்றுவிட்டுப் போகட்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு நாளும் கொண்டுவந்தார், பாரையும் விளையும் இறாலுமாக. முற்றத்தில் கருவாடும் காய்ந்தது. நானும் யோசிக்காமல், பசித்தவளாகத் தின்றேன். மகள் மட்டும் கனடாப் பழக்கத்தில் மீன்குழம்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தாள்.

சூப் கொதித்தது. மகள் வாசலில் நின்றே மூக்கைச் சுருக்கி, "அப்பான்ர கோழி மணக்குது அம்மா," என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிக்கு மேல் குனிந்தேன். ஆவி முகத்தில் பட்டது. நன்றாக இழுத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் இழுத்தேன். உப்புத் தண்ணி மட்டும்தான்.